அத்தைக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு... மாத்திரையை மாற்றினால் மட்டும் போதுமா?

மருத்துவம் - கேள்வி பதில்

''எங்களுக்குச் செய்யாறு பக்கம் கிராமம். ஒன்றரை ஏக்கரில் நெல்லும் மணிலாவும் வைக்கிறோம். வீட்டில் ஒரு தறி இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குக் கூலி நெசவு. என் மாமியாருக்கு 67 வயது. காலையில் களை எடுக்கப் போவார். மதியத்துக்கு மேல் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுப்பார். கடந்த எட்டு மாதத்தில் ஐந்து முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். முதல் மூன்று முறை இரண்டே நாளில் கேட்டது. கடைசி முறை கேட்கவில்லை. குளிர் ஜுரம் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். இப்போது பயந்துபோய், வயலுக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. 'குடித்தால்தானே போகணும், போனால்தானே எரியும்' என்கிறார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செய்யாறு வட்டம்.

சகோதரி, பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயமாக வரும் கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. மாமியாருக்காக மருமகள் எழுதுகிறார், அம்மாவுக்காக மகள் எழுதுகிறார். அவதிப்படுகிறவர் வாயைத் திறப்பதில்லை. நீங்களாவது எழுதினீர்களே, அதுவே பாதி வைத்தியம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் ஜுரம் வந்தது என்றால், கிருமி சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கலாம். இனி ஒரு முறை அப்படி வந்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். நேராகச் செய்யாறு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இப்போது ஜுரம் இல்லாவிட்டாலும், இந்த வாரத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இரண்டு முறையோ, ஒரு வருடத்துக்குள் மூன்று முறையோ வந்தாலே அதை 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்று மருத்துவத்தில் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் அத்தைக்கு எட்டு மாதத்தில் ஐந்து. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து எரிச்சலை அணைப்பதோடு விட்டுவிடக் கூடாது. ஏன் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மாட்டின் காம்பும் மனுஷியின் உடம்பும்

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பால் கறந்து முடித்ததும் மாட்டைப் படுக்க விடாதீர்கள், தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்வார். கறந்த பிறகு காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால், கிருமி துவாரம் வழியாக மடிக்குள் ஏறி மடிநோய் வரும்.

பெண்களின் சிறுநீர்த் தொற்றும் ஏறக்குறைய இதே கதைதான். பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. அது வெளியிலிருந்து வருவது அல்ல, நம் குடலில் எப்போதும் இருப்பது. குடலில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஆசனவாயிலிருந்து முன்பக்கம் வந்து, சிறுநீர்க் குழாய் வழியாகப் பைக்குள் ஏறினால்தான் தொல்லை. ஆணுக்கு அந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு வெறும் 4 சென்டிமீட்டர். கிருமி ஏற வேண்டிய தூரம் அவ்வளவுதான். ஆகவே இது அசிங்கமான நோயும் இல்லை, யாருடைய நடத்தையையும் காட்டும் நோயும் இல்லை. அத்தையிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

சரி, சின்ன வயதில் வராமல் இப்போது ஏன் இத்தனை முறை வருகிறது? மாதவிடாய் நிற்கும்வரை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நன்றாகச் சுரக்கும். அது இருக்கும்போது பிறப்புறுப்பின் தோல் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். தயிரில் இருக்கிற நல்ல கிருமிக்கு உறவான ஒரு வகைக் கிருமி அங்கே குடியிருந்து, புளிப்புத் தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமியை அண்ட விடாது. வயலில் நல்ல பூச்சி இருந்தால் கெட்ட பூச்சி அடங்கி இருப்பதைப் போல. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைகிறது. தோல் மெலிகிறது, காய்கிறது. நல்ல கிருமி குறைந்து அந்த இடத்தை ஈ.கோலை பிடிக்கிறது. வயதான பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. இதைப் பலரும் சொல்வதே இல்லை.

இதோடு வேறு காரணங்களும் சேரும். சர்க்கரை நோய், மலச்சிக்கல், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை இறக்கம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இறக்கம் இருந்தால் பை முழுதாகக் காலியாகாமல் கொஞ்சம் சிறுநீர் உள்ளேயே தேங்கும். தேங்கிய தண்ணீரில்தான் பாசி பிடிக்கும் என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்ணீரை நிறுத்துவது நெருப்புக்கு விறகு வைப்பது

'குடித்தால்தானே எரியும்' என்று அத்தை சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். வசதியான சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். ஒரே ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் நான்காயிரத்தைத் தாண்டும். பையிலிருந்து சிறுநீரை அவ்வப்போது வெளியேற்றினால் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். காலை 7 மணிக்குக் களைக்குப் போய் மதியம் ஒரு மணி வரை தண்ணீரும் குடிக்காமல், ஒதுங்கவும் போகாமல் இருந்தால், கிருமிக்கு நாமே நாற்றங்கால் விட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சிறுநீர் கெட்டியாகிவிடுவதால் எரிச்சலும் அதிகமாகத் தெரியும்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பல்கேரியா நாட்டில், அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களிடம் நடத்தினார்கள். எல்லோரும் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேரைத் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில், கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் மாதவிடாய் நிற்காத பெண்கள் என்றாலும், தண்ணீர் செய்கிற வேலை எந்த வயதிலும் அதேதான்.

எவ்வளவு குடிப்பது என்று கேட்பீர்கள். சொம்புக் கணக்கு பார்ப்பதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது நல்லது. செக்கில் ஆட்டிய மணிலா எண்ணெய் போல வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். டீ டிக்காஷன் போல இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். சாதாரண நாளில் இரண்டு முதல் இரண்டரை லிட்டர், சித்திரை வைகாசி வெயிலில் அதற்கு மேல். நீராகாரம், உப்புக் குறைத்த மோர், இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். இதய பலவீனம், சிறுநீரக நோய், கால் வீக்கம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

அத்தைக்கு ஒரு நாள் ஒழுங்கு போட்டுக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு முறை கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். வயலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒதுங்கல். தாருக்கு உட்காரும்போதும் அப்படியே. கை வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது எழ மனம் வராது, 'இந்தக் கட்டு முடியட்டும்' என்று தோன்றும். அந்த நேரத்தில் நீங்கள்தான் எழுப்பிவிட வேண்டும். மாலை 7 மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால், ராத்திரி எழுந்து இருட்டில் தடுக்கி விழும் ஆபத்து குறையும்.

சிறுநீர் கழித்து முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், அரை நிமிடம் பொறுத்து, சற்று முன்பக்கம் குனிந்து இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள். தேங்கி நிற்பது வெளியேறும். கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னாக. உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். அவை மிச்சம் இருக்கிற நல்ல கிருமியையும் கொன்றுவிடும். வெறும் தண்ணீர் போதும். சிறுநீர் கசிவுக்காகப் பழைய புடவைத் துணி வைத்துக்கொள்கிறவர்கள், நனைந்த துணியை நாள் முழுக்க வைத்திருக்காமல் மாற்ற வேண்டும். துவைத்த துணியை மறைவில் காயப்போடாமல் நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

கடையில் வாங்கிய மாத்திரை ஏன் கேட்கவில்லை?

முதல் மூன்று முறை கேட்ட மாத்திரை பிறகு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே பூச்சிமருந்தை ஒரே வயலில் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கும்? பூச்சி பழகிவிடும். தப்பிப் பிழைத்ததன் வாரிசுகள்தான் அடுத்த போகத்தில் வரும். கிருமியும் அப்படித்தான். எரிச்சல் நின்றதும் பாதியில் மாத்திரையை நிறுத்தினாலோ, தேவையில்லாத பெரிய மருந்தை எடுத்துக்கொண்டாலோ, பழகிய கிருமிதான் மிஞ்சும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2013 முதல் பெரிய மருத்துவமனைகளிலிருந்து இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. அங்கே வரும் நோயாளிகளிடம் எடுக்கும் ஈ.கோலை மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து வேலை செய்வதில்லை. நம் ஊர்களில் நீர்க்கடுப்பு என்று சொன்னதும் கையில் வருவது பெரும்பாலும் அந்த வகைதான். இப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்காகவே 2014 மார்ச் முதல் சில ஆன்டிபயாடிக் மருந்துகளை 'எச்-1' என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அவற்றை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற பழைய மருந்துகள் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. முதலாவது பெரும்பாலும் 5 நாள். இரண்டாவது தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிப்பது. ஆனால் முதலாவதைச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சிறுநீரகத்துக்குக் கிருமி ஏறியிருந்தால் இரண்டுமே போதாது. இந்தப் பெயர்களைக் கடையில் காட்டி வாங்குவதற்காக எழுதவில்லை. மருத்துவரிடம் 'இது எனக்குச் சரிவருமா?' என்று கேட்பதற்காக எழுதுகிறேன். நீர்க்கடுப்புக்கு என்று பாட்டிலில் விற்கும் சிரப், சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும். கிருமியைக் கொல்லாது. அதைக் குடித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

அடுத்த முறை எரிச்சல் தொடங்கியதும், முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் சிறுநீரைக் 'கல்ச்சர்' பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரியும். மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் வைப்பது போல இது. மாத்திரை சாப்பிட்ட பிறகு கொடுத்தால் முடிவு தெளிவாக வராது.

எடுக்கும் முறை முக்கியம். தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய மருந்து பாட்டில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். கிராமத்தில் பிடித்து, பஸ் ஏறி, டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கிருமி பெருகி முடிவு தப்பாகிவிடும். ஆகவே மருத்துவமனைக்குப் போய் அங்கேயே பிடிப்பது நல்லது.

கூடவே ரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியேட்டினின், கல் இருக்கிறதா, கழித்தபின் எவ்வளவு தேங்குகிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன், இவற்றையும் கேளுங்கள். கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்று பெண் மருத்துவர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும். 'கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருக்கு' என்பதை வருடக் கணக்காகச் சொல்லாமல் மறைக்கும் பெண்கள் நம் பக்கம் நிறைய. தனியாக இருக்கும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதன் பெயரையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் ஒரு வகை மாத்திரை இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகிறது. நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரும். அதைச் சிறுநீர்த் தொற்று என்று நினைத்துத் தப்பான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லிக் கேளுங்கள்.

நானே செய்த ஒரு தவறு

மருத்துவம் படித்து முடித்த புதிதில் ஒரு பாட்டிக்கு நான் நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தேன். முதல் முறை எரிச்சல் இருந்தது, சரியானது. அதன்பிறகு எரிச்சலே இல்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்துகொண்டே இருந்தது. 'ரிப்போர்ட் சுத்தமாக வரும்வரை விடக் கூடாது' என்று நானும் மருந்தை மாற்றி மாற்றி எழுதினேன். நான்காம் முறை மருந்தால் பாட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்து படுக்கையில் விழுந்தார். மூத்த மருத்துவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, 'நீ வைத்தியம் பார்த்தது அந்த அம்மாவுக்கா, காகிதத்துக்கா?' என்று கேட்டார். இன்றுவரை மறக்கவில்லை.

வயதான பெண்களில் கணிசமான பேருக்கு, எந்தத் தொல்லையும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சல், அவசரம், அடிவயிற்று வலி, ஜுரம் எதுவும் இல்லை என்றால் அதற்கு மருந்து தேவையில்லை. கொடுத்தால் பழகிய கிருமியை வளர்த்துவிடுவதுதான் மிச்சம். சிறுநீரில் வாடை, கலங்கல் மட்டும் இருந்தாலும் முதலில் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். சரியான பிறகு 'சும்மா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாம்' என்பதும் பெரும்பாலும் வேண்டாத வேலை.

திரும்ப வராமல் தடுக்க

அத்தையின் வயதுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் களிம்பு. பிறப்புறுப்பின் உள்ளே, முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி, அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு முறை என்று பொதுவாகப் போடச் சொல்வார்கள். மெலிந்த தோல் மறுபடி தேறும், நல்ல கிருமி திரும்பி வரும். 1993-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற, அடிக்கடி தொற்று வந்த 93 பெண்களைப் பார்த்தார்கள். மருந்துக் களிம்பு போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 முறைதான் தொற்று வந்தது. மருந்தில்லாத களிம்பு போட்டவர்களுக்கு 5.9 முறை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். கூச்சத்தால் மருத்துவரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை.

இது மாத்திரையாக விழுங்கும் ஹார்மோன் போல உடம்பு முழுக்கப் பரவுவதில்லை, போட்ட இடத்திலேயே வேலை செய்வது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், பத்து நாளில் விட்டுவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு கண்டவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 67 வயதுக்காரருக்கு இதை எடுத்துச் சொல்வது சுலபம் இல்லைதான். 'முகத்துக்கு மஞ்சள் பூசுற மாதிரி, காய்ந்த தோலுக்கு மருந்து' என்று சொல்லிப் பாருங்கள்.

அதுவும் போதவில்லை என்றால், மெத்தனமைன் என்ற மருந்து இருக்கிறது. இது ஆன்டிபயாடிக் அல்ல, புளிப்பான சிறுநீரில் உடைந்து கிருமியைக் கொல்லும். 2022-ல் பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்த ஆய்வில், தினமும் சிறு அளவில் ஆன்டிபயாடிக் எடுப்பதற்கு இது ஈடாக நின்றது. மாதக் கணக்கில் தினமும் ஆன்டிபயாடிக் என்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்கலாமா?

சிறுநீர்த் தொற்றுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. தொற்று வருவது சிறுநீர்ப்பையில், கர்ப்பப்பையில் அல்ல. கிணற்றில் தண்ணீர் கலங்கினால் பக்கத்து வீட்டுத் திண்ணையை இடிப்பார்களா? இறக்கம் அதிகமாக இருந்து, சிறுநீர் தேங்குவது அதனால்தான் என்று உறுதியானால் மட்டும் அது வேறு பேச்சு. அப்போதும் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி என்றில்லை. ரிங் பெஸ்ஸரி என்று ஒரு வளையம் இருக்கிறது. உள்ளே பொருத்தி இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கலாம். யாராவது உடனே எடுத்துவிடச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகையை அடகு வைத்து அறுவை செய்த பிறகும் அதே எரிச்சலோடு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுபீளை, நெருஞ்சி பற்றி

நம் வரப்பிலேயே இருக்கிற மருந்துகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறுபீளையும் நெருஞ்சிலும் சித்த மருத்துவத்தில் நீரைப் பெருக்கப் பயன்படுபவை. பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டும் நம் வீட்டுப் பழக்கம். எரிச்சல் லேசாக இருக்கும் முதல் நாளில் இவற்றால் சிறுநீர் கூடி ஆறுதல் கிடைக்கும். ஆனால் ஜுரம் வந்த பிறகு கஷாயம் காய்ச்சிக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அரசு சித்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது. பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. மருந்தடித்த வயலின் வரப்பில் பறித்த செடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

* குளிர் நடுக்கத்தோடு ஜுரம்
* விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வலி
* வாந்தி, மாத்திரை தங்காமை
* திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசுவது, அளவுக்கு மீறிய தூக்கம், தலைச்சுற்றி விழுவது
* சிறுநீர் மிகவும் குறைந்துபோவது
* சிறுநீரில் ரத்தம்

கடைசியாகச் சொன்னதில் ஒரு விஷயம். வலியோ எரிச்சலோ இல்லாமல் ரத்தம் மட்டும் போனால், 'சூடு' என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி இரண்டு சிறு கேள்விகள்.

''கிரான்பெர்ரி மாத்திரை, டி-மேனோஸ் பவுடர் என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?''

- வந்தவாசி வாசகி.

கிரான்பெர்ரி, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஓரளவு தடுப்பாக உதவுகிறது என்று 2023-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வந்துவிட்ட தொற்றைக் குணமாக்காது. சர்க்கரை சேர்த்த ஜூஸ் சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல். டி-மேனோஸை 2024-ல் பிரிட்டனில் 598 பெண்களிடம் சோதித்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு ஒரு நல்ல தண்ணீர்ப் பானை வாங்குங்கள்.

''மடிநோய்க்கு மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் மனிதர் மருந்துக்கும் சம்பந்தம் உண்டா?''

- போளூர் பகுதி பால் விவசாயி.

நிறைய உண்டு. மாட்டுக்குப் போடும் என்ரோஃப்ளாக்சசின், மாட்டின் உடம்புக்குள் போய் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. மனிதர்களுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் மாட்டுக்கும் போடப்படுகிறது. தொழுவத்தில் பழகிய கிருமி சாணம், தண்ணீர், கை வழியாக வீட்டுக்குள் வரலாம். கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த கோலிஸ்டின் மருந்தை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்ததும் இதனால்தான். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற மருந்து அது. ஆகவே கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஊசி போடாதீர்கள். சொன்ன நாள்வரை முழுதாகப் போடுங்கள். அவர் குறிப்பிடும் நாள் முடியும்வரை அந்தப் பாலை ஊற்றாதீர்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

செய்யாறு சகோதரியின் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, அத்தை வயலுக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதுதான். அது எரிச்சலுக்குப் பயந்து மட்டும் அல்ல. ஒதுங்க இடம் இல்லை. நடவுக்கும் களைக்கும் மணிலா பிடுங்கவும் வரும் பெண்களில் பலர் அப்படித்தான் ஆறேழு மணி நேரம் அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் அதே கதைதான். கரும்பு நின்றால் ஒரு மறைவு, அறுவடை ஆகிவிட்டால் அதுவும் இல்லை.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நான்கு கொம்பு நட்டு, மூன்று பக்கம் ஓலைத் தட்டி கட்டி, ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்பும் வைப்பதற்கு அரை நாள் போதும். மாட்டுக்கு நிழல் வேண்டும் என்று கொட்டகை போடுகிறோம். நம் வயலில் குனிந்து நிற்கிற அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு தட்டி கட்ட முடியாதா? அடுத்த நடவுக்கு முன் கட்டிவிட்டு, ஒரு வரி எழுதிப் போடுங்கள். சகோதரி, நீங்களும் அத்தையை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு, கல்ச்சர் முடிவில் என்ன வந்தது என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.